ஒரே போத்தல், ஆளுக்கொரு இலக்கம்: எங்கள் வேன் வீட்டு ஊதுற மெஷின்

மட்டக்களப்புப் பக்கம், களுவாஞ்சிகுடியில் நாங்கள் வேன் ஹயர் செய்கிறோம். மூன்று வேன், மாறி மாறி ஓட்டும் டிரைவர்மார், வேன் கழுவிச் சாமான் ஏற்றி இறக்க ஒரு பொடியன். கணக்குக் கொப்பியும் சாவிக்கொத்தும் என் பொறுப்பு. கட்டுநாயக்கா ஏயார்போட், கதிர்காமம், கல்யாண வீடு, சீசன் வந்தால் அறுகம்பே. டீசல் விலை ஏறினாலும் டயர் தேய்ந்தாலும் எப்படியோ சமாளிக்கலாம். முந்தின இரவு கல்யாண வீட்டில் நின்ற டிரைவர் விடியச்சாமம் வந்து "சாவியத் தாங்கக்கா" என்று கேட்டால் கொடுக்கலாமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. முகத்தைப் பார்த்தும் வாய் மணத்தை வைத்தும் முடிவெடுத்து வந்தேன். இப்போது அந்த வேலையைச் செய்வது, வாயில் வைத்து ஊதினால் மூச்சில் எவ்வளவு மதுசாரம் (அல்கஹோல்) என்று காட்டுகிற ஒரு சின்ன மெஷின். வாங்க நினைக்கிற வேன்காரர், ஓட்டோக்காரர், மகனை வெளியே அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன்.

முதலில் சாமான். உள்ளங்கையில் அடங்கும், மேலே ஒரு குழாய் செருகலாம், முன்னால் சின்னத் திரை, பின்னால் சின்னப் பற்றரி. கொழும்பில் இருக்கும் என் வீட்டுக்காரரின் தம்பி வாங்கி பஸ்ஸில் போட்டு அனுப்பினார். விலை இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. இதே உருவம் நாலைந்து பெயரில் விற்கிறபடியால் பெயரைச் சொல்லிப் பயனில்லை. கேட்க வேண்டியது உள்ளே என்ன சென்சர் என்று மட்டும்தான். நாலாயிரம் ஐயாயிரத்துக்குக் கிடைப்பவற்றில் இருப்பது அனேகமாக செமிகொண்டக்டர் வகை. அது மதுசாரத்துக்கு மட்டும் அசைவதில்லை. சிகரெட் புகைக்கும், சீனி வியாதி கட்டுப்படாதவரின் மூச்சில் வரும் அசிற்றோனுக்கும்கூட ஏதாவது ஒரு இலக்கத்தைக் காட்டிவிடும். ஃபியூல் செல் வகை வேறு. மூச்சிலுள்ள மதுசாரம் உள்ளே பிளாட்டினத்தில் பட்டு ஒட்சியேறும்போது சின்னதொரு மின்னோட்டம் பிறக்கும். மதுசாரம் கூடினால் மின்னோட்டமும் கூடும். அசிற்றோனுக்கு அது அசையாது. எங்கள் டிரைவர் ஒருவருக்கு நெடுநாள் சீனி வியாதி என்பதால் காசு கூடினாலும் இதைத்தான் வேண்டும் என்று நின்றேன். அந்தப் பிடிவாதத்துக்குப் பலன் கிடைத்த கதை கீழே வரும்.

பெட்டியைத் திறந்ததும் ஒரு விஷயம் கவனியுங்கள். எங்களுடையது ஒரு லீற்றர் மூச்சுக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும்படி செட் பண்ணி வந்தது. எங்கள் நாட்டுச் சட்டம் பேசுவது இரத்தக் கணக்கு: 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம், அதாவது 0.08 வீதம். அந்த 0.08 மூச்சுக் கணக்கில் ஏறக்குறைய 0.38. அலகு மாறியிருப்பது தெரியாமல் ஒருவர் ஊதி 0.20 வந்தால் வீடே அலறும். அதுபோலவே, 0.08 என்ற எல்லையை மட்டும் மனதில் வைத்திருப்பவருக்கு 0.07 என்று வந்தால் எல்லைக்குக் கிட்ட என்று பயப்படுவார், உண்மையில் அது மிகச் சிறிய அளவு. வாங்கிய அன்றே இரத்த வீதத்துக்கு மாற்றிவிடுங்கள். வழிகாட்டிப் புத்தகத்தில் ஆங்கிலமும் சீனமும் மட்டும். நான் தமிழில் எழுதி மெஷின் பெட்டி மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மெஷின் இரத்தத்தைத் தொடுவதில்லை. நுரையீரலின் அடியிலிருந்து வரும் 2100 மில்லிலீற்றர் மூச்சில் எவ்வளவு மதுசாரமோ அவ்வளவு ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் இருக்கும் என்ற கணக்கில் சொல்கிறது. 2100 என்பது பொதுக் கணக்கு, ஆளுக்கு ஆள் அதுவும் கொஞ்சம் கூடிக் குறையும். நுரையீரலின் அடிமூச்சு வேண்டும் என்பதால்தான் ஐந்து விநாடி இழுத்து ஊதச் சொல்கிறது. வாயிலிருக்கும் மேல்மூச்சு அதற்குப் போதாது. குடித்த கையோடு ஊதினால் இரத்தத்தில் இருப்பதல்ல, வாயில் ஒட்டியிருப்பதுதான் காட்டும். கடைசி மிடறுக்குப் பிறகு இருபது நிமிடமாவது விட்டு, வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு ஊத வேண்டும். இதற்கு என் மாமியாரே சாட்சி. சாராயத்தை வீட்டு வாசலுக்கும் விடாதவர் அவர். கை கால் உளைச்சலுக்கு ஆயுர்வேத அரிஷ்டம் குடித்துவிட்டு, பேரப்பிள்ளைகள் கேட்டதற்காக ஊதினார். மெஷின் கத்திய கத்தில் பிள்ளைகள் துள்ளிக் குதித்தன. அரிஷ்டம் புளிக்க வைத்துச் செய்வது, அதில் தானாய் உண்டாகும் மதுசாரம் உண்டு. கொப்பளித்து, இருபது நிமிடம் கழித்து ஊதியபோது 0.000. வாய் கழுவும் மருந்திலும் இருமல் பாணியிலும் சிலவற்றுக்கு இதே கதைதான்.

இனி நான் உண்மையாய் எழுத வந்த விஷயம். மெஷின் வந்த புதிதில் ஆரையம்பதியில் ஒரு கல்யாண ஹயர். மூன்று வேனும் அங்கே. இரவு எட்டு மணிக்குப் பிறகு டிரைவர்மார் மூவரும் வளவின் பின்பக்கம் இருந்து, இறால் பொரியலும் கணவாயும் பைட்டுக்கு வைத்து, ஆளுக்கு அரைப்போத்தல் சாராயம் என்று சரிசமமாய்ப் பங்கிட்டுக் குடித்திருக்கிறார்கள். வேனை அங்கேயே விட்டு ஓட்டோவில் வந்து எங்கள் விறாந்தையில் படுத்தார்கள். விடிய ஐந்து மணிக்கு மூன்று பேரையும் ஊதச் சொன்னேன்.

ஒருவர் நல்ல உடம்புக்காரர், எண்பது கிலோவுக்கு மேல். தலையைப் பிடித்துக்கொண்டு தூணோடு சாய்ந்திருந்தார், கண் சிவந்து, தேத்தண்ணி கிளாஸைக் கண்டாலே ஓங்காளம். பார்த்த யாரும் இன்னும் வெறி முறியவில்லை என்றுதான் சொல்வார்கள். மெஷின் 0.034 காட்டியது. இரண்டாமவர் மெலிந்தவர், அறுபது கிலோ இருப்பார், கொட்டாவி விட்டபடி ஊதினார், 0.058. மூன்றாவது தம்பியும் அதே மெல்லிய உடம்புதான். கிணற்றடியில் குளித்து, சாமி கும்பிட்டு, விபூதி பூசி, தலை வாரி, அயன் பண்ணின சேர்ட்டோடு வந்து நின்றார். கையில் நடுக்கம் இல்லை, பேச்சில் குழறல் இல்லை. "என்னப் பாத்தா வெறி மாதிரியா இரிக்கி அக்கா?" என்று பணிவாய்த்தான் கேட்டார். ஊதினார். 0.091. பொலிஸ் பலூனில் பிடிபடும் அளவு. சந்தேகத்தில் கொப்பளிக்க வைத்து, நேரம் விட்டு இன்னொரு தரம் ஊத வைத்தேன். 0.089.

மெஷின் இல்லாமல் அன்று முகத்தைப் பார்த்துச் சாவி கொடுத்திருந்தால் அவருக்குத்தான் முதலில் கொடுத்திருப்பேன்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படிக்கும் என் தங்கச்சியின் மகள் அப்போது லீவில் நின்றாள். மூன்று இலக்கத்தையும் அவளிடம் காட்டினேன். அவள் கணக்குப் போட்ட விதத்தை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இது எங்கள் ஆக்கள் எல்லாருக்கும் தெரிய வேண்டியது. எங்கள் சாராயம் 33 முதல் 36 வீதம் வரை. அரைப்போத்தல், அதாவது 375 மில்லிலீற்றரில், தூய மதுசாரம் ஏறக்குறைய 100 கிராம். மதுசாரம் உடம்பிலுள்ள நீரில்தான் கலக்கும். ஒரே கரண்டி உப்பைக் குவளையில் போட்டால் கரிக்கும், வாளியில் போட்டால் தெரியாது, அதுதான் இதுவும். சுவீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க் உடல் நிறையை வைத்துப் போட்ட சூத்திரத்தை இன்றைக்கும் பாவிக்கிறார்கள். அதன்படி அறுபது கிலோ ஆணுக்கு அந்த அரைப்போத்தல் 0.24 வரை ஏற்றும், எண்பது கிலோவுக்கு 0.18. பிறகு ஈரல் மணிக்கு ஏறக்குறைய 0.015 என்று இறக்கிக்கொண்டு வரும். சிலரின் ஈரல் 0.010தான் இறக்கும், சிலரின் ஈரல் 0.020க்கும் மேலே. ஒன்பது மணித்தியாலத்தில் அந்தச் சின்ன வித்தியாசம் 0.09 ஆகச் சேர்ந்துவிடும். அதனால்தான் ஒரே உடம்புள்ள இரண்டு பேர் ஒரே அளவு குடித்தும் ஒருவர் 0.058, மற்றவர் 0.091. தேசிக்காய்த் தண்ணி, பச்சை முட்டை, தலைமுழுக்கு, பிளேன்டீ எதுவும் ஈரலை அவசரப்படுத்தாது. தலையிடி வாந்தி எல்லாம் வேறு கணக்கு, இலக்கம் இறங்க இறங்கத்தான் அது கூடும். ஆகவே தூணோடு சாய்ந்திருந்தவர் படும் பாட்டுக்கும் அவர் இரத்தத்தில் மிச்சம் இருந்ததற்கும் சம்பந்தம் குறைவு.

பியர்தானே என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. 8.8 வீத ஸ்ட்ரோங் பியர் பெரிய போத்தல் ஒன்றில் 43 கிராம் மதுசாரம். கால்போத்தல் சாராயத்துக்கு அது கிட்டத்தட்டச் சமன். 4.8 வீத லாகர் என்றால் அதே போத்தலில் 24 கிராம். "நான் ஒரு பியர்தான்" என்ற சொல்லில் எந்தப் பியர் என்பது இல்லை.

அந்த மூன்றாவது தம்பியைப் பற்றிக் கொஞ்சம் கூட எழுத வேண்டும். எங்களிடம் இருப்பதிலேயே கைத்திறமான டிரைவர் அவர்தான். ஊரில் அவரைப் பற்றிச் சொல்வது, "அவனுக்கு எவ்வளவு அடிச்சாலும் ஏறாது." அதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஏறாது என்பதால் அவர் கிளாஸில் அதிகமாய் ஊற்றுவார்கள், ஏறாது என்பதால் விருந்து முடிய மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போகும் பொறுப்பையும் அவரிடமே கொடுப்பார்கள். அவருடைய தகப்பனும் அப்படித்தான் பெயர் எடுத்த மனிசன். ஐம்பது வயதுக்கு முன்னமே வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்தார்.

என் பெறாமகள் சொன்னாள், "பெரியம்மா, அவருக்கு ஏறாம இல்ல. ஏறினது அவருக்குத் தெரியாம இரிக்கி." பிறகு அவள் சொன்ன ஆராய்ச்சியை நான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் சான் டியேகோவில் மார்க் ஷக்கிட் என்ற மனநல வைத்தியர், குடிநோய் உள்ள தகப்பன்மாரின் மகன்மாரையும் அப்படி இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளையும் இருபது வயதளவில் கூப்பிட்டு, அளந்து மதுசாரம் கொடுத்து, எவ்வளவு வெறியாய் உணர்கிறாய் என்று கேட்டு, உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்றும் அளந்திருக்கிறார். ஏறக்குறைய பத்து வருடம் கழித்து அதே ஆக்களைத் தேடிப் பார்த்திருக்கிறார். 1994இல் வந்த முடிவு இது: குடிநோய்த் தகப்பன்மாரின் மகன்மாரில், இளமையில் "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்றவர்களில் 56 வீதம் பேர் பின்னாளில் குடிநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். கொஞ்சத்திலேயே ஏறியவர்களில் 14 வீதம்தான். உடம்பு போதும் என்று சொல்லாத ஆளுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. சுற்றியிருப்பவர்களும் நிறுத்தச் சொல்வதில்லை, அவர் நன்றாகத்தானே நிற்கிறார்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் இல்லை. இரண்டு கிளாஸில் பாட்டுப் பாடி, அழுது, வேலியோரம் படுத்துவிடுகிற ஆளைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறோம். அந்த ஆளிடமிருந்து சாவியை நாலு பேர் பறிப்பார்கள். நேராய் நடந்து வந்து பணிவாய்ச் சாவி கேட்பவரிடமிருந்து யார் பறிப்பது?

நேராய் நடப்பதும் பழக்கத்தில் வருவதுதான். அடிக்கடி குடிப்பவரின் மூளை, தெரிந்த வேலையைச் செய்யப் பழகிக்கொள்ளும்: நடக்க, கதைக்க, கியர் மாற்ற. எதிர்பாராதது வரும்போதுதான் பழக்கம் கைவிடும். கொழும்புக்குப் போகிற எங்கள் ரோட்டில் புணானை, வெலிக்கந்தைப் பக்கம் விடியச்சாமத்தில் யானை குறுக்கே வரும். லைட் வெளிச்சத்தில் அது சாம்பல் நிறத்தில் ரோட்டோடு ரோட்டாகத் தெரியும். அங்கே தேவைப்படுவது அரை விநாடி. 0.05க்குக் கீழேயே ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தைக் கவனிக்கும் திறன் குறையத் தொடங்கிவிடும். சட்டம் 0.08 என்றாலும் எங்கள் வீட்டில் சாவிக்கு இலக்கம் 0.000.

அந்தத் தம்பியை நாங்கள் வேலையால் நிறுத்தவில்லை. என் வீட்டுக்காரரும் நானும் தம்பியின் மனிசியும் அவரோடு இருந்து கதைத்தோம். அந்தத் தம்பி தானாய்க் கேட்டது ஒன்று: "அப்பாக்கு வந்தது எனக்கும் வருமாக்கா?" மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போய்க் குடியைப் பற்றிக் கதைக்கலாம் என்று சொல்லி என் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போனார். இதைப் படிக்கும் குடும்பங்களுக்கு ஒன்று: தினமும் நிறையக் குடிக்கும் ஒருவரை வீட்டில் வைத்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

"இப்ப தெளிஞ்சிட்டு" என்பது டிரைவர்மார் அடிக்கடி சொல்வது. அதையும் மெஷின் வைத்துப் பார்த்தேன். இலக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது ஆள் உசாராய், சத்தமாய் இருப்பார். அதே இலக்கத்துக்கு இறங்கி வரும்போது அடங்கி, தெளிந்தவர் மாதிரித் தோன்றுவார். 1919இல் எட்வர்ட் மெலன்பி நாய்களை வைத்துக் கண்டதும் இதைத்தான்: ஒரே அளவு மதுசாரம், ஏறும்போது கூடத் தள்ளாடும், இறங்கும்போது குறையத் தள்ளாடும். மனிதருக்கு இதில் இருக்கும் கண்ணி, வெறி தெரியாமல் போகிற அளவுக்கு வண்டி ஓட்டும் திறமை திரும்பி வருவதில்லை என்பது.

இனி அந்தச் சீனி வியாதி அண்ணன். குடிபூரல் வீடொன்றுக்கு ஹயர் இல்லாமல் சொந்தமாய்ப் போயிருந்தார். காலையில் கிளினிக் குளிசை போட்டவர், மத்தியானம் சாப்பாடு பிந்திவிட்டது, வெறும் வயிற்றில் ஒரேயொரு கிளாஸ். நாங்கள் போனபோது கதிரையில் இருந்தபடி வியர்வை ஊற்றுகிறது, நாக்குத் தடிக்கிறது, கேட்டதற்கு வேறு பதில். பந்தலில் நின்றவர்கள் "ஒரு கிளாஸுக்கே இந்தப் பாடா" என்று தலையில் தண்ணி ஊற்றப் போனார்கள். என் பையில் மெஷின் இருந்தது. ஊத வைக்கவே பாடுபட்டோம். 0.018. இந்த இலக்கத்துக்கு இந்த நிலை வராது என்று கண்டதும் அந்த வீட்டு அம்மாவின் சீனி பார்க்கும் மெஷினை வாங்கி விரலில் குத்தினோம். 48, சீனி நன்றாய் இறங்கியிருந்தது. விழுங்கும் நிலையில் இருந்தபடியால் சீனித் தண்ணி கொடுத்தோம், கால் மணித்தியாலத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குளிசையின் வேலை நீளமாய் நிற்கும், சீனி திரும்ப விழலாம் என்பதால் சோறு கொடுத்து ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். ஈரல் மதுசாரத்தை உடைப்பதில் மும்முரமாகிவிட்டால் புதுச் சீனி ஆக்கும் வேலையை விட்டுவிடுகிறது. குளிசை ஏற்கெனவே சீனியை இறக்கிக்கொண்டிருக்கிறது. கீழே விழுந்து கிடக்கும் ஆளுக்கு "வெறி" என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்தால் உயிர் போய்விடும். இந்த ஒரு நாளுக்காகவே மெஷினுக்குக் கொடுத்த காசு பெறும் என்பேன். சளிக்குப் போடும் பிரிட்டோன் (Piriton) குளிசை, தூக்கக் குளிசை, வலிப்புக் குளிசை போடுகிறவர்களுக்கும் இலக்கம் சின்னதாய் இருக்க மயக்கம் பெரிதாய் வரும். மெஷினுக்குக் குளிசை தெரியாது.

சுவிஸிலிருந்து வந்த மச்சாளும் அவர் கணவரும் ஒரு இரவு வீட்டில் சாப்பிட்டார்கள். கொண்டுவந்த வைனில் ஆளுக்கு இரண்டு கிளாஸ். மச்சாள்தான் முதலில் கேட்டு ஊதினார், 0.052. அவர் கணவர் 0.031. பக்கத்திலிருந்த மாமா "பொம்பிளையளுக்குத் தாங்காது" என்று தொடங்க, மச்சாளே விளக்கினார்: பெண்ணின் உடம்பில் நீர்ப் பங்கு குறைவு, நிறையும் குறைவு, வயிற்றிலேயே மதுசாரத்தை உடைக்கும் நொதியமும் பொதுவாய்க் குறைவு. தாங்குவது தாங்காததில் ஒன்றும் இல்லை, அதே கிளாஸ் அவருக்கு உண்மையிலேயே பெரிய கிளாஸ். அங்கே எல்லை 0.5 புரோமில், எங்கள் கணக்கில் 0.05. "அங்க எண்டா நான் இண்டைக்குக் கார் எடுக்க ஏலாது, இவர் எடுக்கலாம்" என்றார்.

கொரியாவில் ஏழெட்டு வருடம் வேலை செய்து வந்த டிரைவர் ஒருவரும் எங்களிடம் இருக்கிறார். அங்கே கூட வேலை செய்தவர்களில் சிலர் ஒரு சின்னக் கிளாஸிலேயே முகம், கழுத்து, காது எல்லாம் செக்கச் சிவந்து நெஞ்சுப் படபடப்போடு இருப்பார்களாம். கிழக்காசியாவில் மூன்றில் ஒருவர் அளவுக்கு அந்த மரபு உண்டு. மதுசாரம் உடைந்து வரும் அசிற்றல்டிகைட்டை அடுத்த படிக்குக் கொண்டுபோகும் நொதியம் அவர்களுக்குச் சரியாய் வேலை செய்யாது. எங்கள் பக்கம் அது அரிது. அப்படிச் சிவப்பவர்கள் வற்புறுத்தலுக்காகத் தொடர்ந்து குடித்தால் களத்தில், அதாவது உணவுக்குழாயில், புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். முகம் சிவப்பது உடம்பு சொல்லும் எச்சரிக்கை, பழகப் பழகச் சரிவரும் என்று ஊற்றிக் கொடுக்கக் கூடாது.

வேன் கழுவும் பொடியனுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு விருந்தில் பெரியவர்கள் சாராயம் மணக்கும் கிளாஸில் வெறும் சோடாவை ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். அரை மணித்தியாலத்தில் பொடியன் கைகாலை வீசி, குரல் உயர்த்தி, ஒரு அண்ணனோடு வாக்குவாதம். ஊதினால் 0.000. அவன் அழுதுவிட்டான், அப்படி ஒரு பிள்ளையை வைத்து விளையாடியதை நான் அன்றைக்கே கண்டித்தேன். நடிப்பு என்று யாரும் சொல்ல வேண்டாம். 1973இல் அமெரிக்காவில் ஆலன் மார்லற் செய்த ஆராய்ச்சியில், வொட்கா கலந்தது என்று நம்பி வெறும் ரொனிக் குடித்தவர்கள் அதிகமாய்க் குடித்தார்கள். உண்மையில் வொட்கா இருந்ததா இல்லையா என்பது அவ்வளவாய்ப் பொருட்டாகவில்லை. குடித்தால் சண்டை பிடிக்கலாம் என்று வளர்ந்த இடத்தில் சண்டை வரும். மனிசியை அடித்துவிட்டு "வெறியில செஞ்சிட்டன்" என்று சொல்லும் ஆம்பிளையளை எங்கள் ஊரிலும் கண்டிருக்கிறேன். பலர் அதே 0.09ல் பேசாமல் படுத்துத் தூங்குகிறார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெயிலில் நின்ற வேனின் டாஷ்போட்டில் மறந்து விட்டால் பிழை காட்டி நின்றுவிடும், ஆற விட வேண்டும். பீப் சத்தத்தைக் குறைக்க வழியில்லை, விடியச்சாமம் பக்கத்து வீடுவரை கேட்கும். வருடத்துக்கு ஒரு தடவையாவது அளவு சரிபார்க்க வேண்டும், மட்டக்களப்பில் அதற்கு ஆள் கிடைக்கவில்லை, கொழும்புக்குத்தான் அனுப்புகிறேன்; போய் வரும் நாட்களில் ஹயருக்கு முதல் நாள் இரவு ஒருவரும் குடிப்பதில்லை என்ற பேச்சு. சிகரெட் பிடித்த வாயோடு ஊதினால் சென்சர் பழுதாகும். முக்கியமான குறை வேறு: சிலர் 0.06 என்று கண்டதும் "இன்னும் இடம் இரிக்கி" என்று அடுத்த கிளாஸுக்குக் கை நீட்டுகிறார்கள். விருந்து நடக்கும் இடத்தில் குடிப்பவர்களின் கையில் இதைக் கொடுக்காதீர்கள். சாவி கொடுக்கும் இடத்தில் வையுங்கள். பொலிஸில் காட்டவும் இது உதவாது, அவர்கள் தங்கள் சோதனையைத்தான் ஏற்பார்கள்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். சரிபார்க்கும் வசதி இங்கே வந்தால் ஐந்து.

வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: ஃபியூல் செல்லா, அளவு சரிபார்த்துத் தருவார்களா, ஊதும் குழாய் தனியாக வாங்கலாமா. ஆளுக்கொரு குழாய் வேண்டும், ஒருவர் ஊதியதை மற்றவர் வாயில் வைக்கக் கூடாது. நாங்கள் ஒவ்வொரு டிரைவரின் குழாயையும் அவரவர் பெயர் எழுதிய சின்னப் போத்தலில் போட்டு, சாவி மாட்டும் பலகைக்குக் கீழே வைத்திருக்கிறோம். களுவாஞ்சிகுடிப் பக்கம் யாராவது வாங்கும் யோசனையில் இருந்தால் முதலில் வந்து எங்களுடையதைப் பாருங்கள். காலை ஏழு மணிக்குப் பிறகு வாருங்கள், அதற்கு முன் டிரைவர்மார் ஊதுகிற நேரம்.